தாவாரம்: இரண்டடியா, மூன்றடியா

ஒக்டோபர் 5
கராஜ் சுவர் ஒன்பதடி எழும்பிவிட்டது. ஓடாவியார் கூரை மரச் சிலாகையின் நீளம் கேட்கிறார், சுவருக்கு வெளியே தாவாரம் எவ்வளவு நீட்ட வேண்டும் என்று. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஒக்டோபர் 6
சொல்லவில்லை.

ஒக்டோபர் 8
வாசல் வடக்கில். ஒழுங்கை அங்கேதான், வேறு வழியில்லை. கார்த்திகை மழையோ வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். 45 பாகையில் சாய்ந்தால் ஓரடித் தாவாரம் ஓரடிச் சுவரைத்தான் காக்கும். இரண்டடி விட்டால் கீழே ஏழடி நனையும், மூன்றடி விட்டால் ஆறடி. இதற்கா இவ்வளவு யோசனை? ஆனால் ஈரத் தரையில் நின்று வெல்டிங் பிடிக்கப்போவது நான்.

ஒக்டோபர் 9
அப்பா கஞ்சி குடித்தார். வார்டுக்கு வெளியே தாவாரத்தை அடிமேல் அடி வைத்து அளந்தேன். மூன்றரை. தாதி ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றா.

ஒக்டோபர் 12
அப்பாவிடம் கேட்டது பிழை. “மூன்றடியா? எழுபத்தெட்டில நம்மட கூரை எங்க கிடந்தது தெரியுமா மகன்?” தெரியும். 1978 நவம்பர் 23, மட்டக்களப்புப் புயல், கல்லடி, நூறு தரம் கேட்ட கதை. காற்று முதலில் பிடித்தது தாவாரத்தைத்தானாம். அது சரிதான். தாவாரத்துக்குக் கீழே புகுந்த காற்று மேலே தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும். இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும். மழைக்கென்று நீட்டுவதைப் புயல் பிடித்துத் தூக்கும்.

ஒக்டோபர் 13
நித்திரையில்லை. மேற்கில் மாமியின் வேலி இரண்டேகால் அடியில். அங்கே ஒன்றரைக்கு மேல் விட ஒண்ணா, மழைத் தண்ணீருக்குப் பீலியும் வேண்டும். பின்னேர வெயில் ஆறடி விட்டாலும் கீழால் வந்து மேசையில் விழும். அதற்குக் கிடுகுத் தட்டிதான். தெற்குப் பக்கம் கவலையில்லை. மார்கழி உச்சி வெயிலே ஏறக்குறைய 59 பாகையில் நிற்கும், இரண்டடி விட்டால் மூன்றடிக்கு மேல் நிழல்.

தண்ணீர் விழும் கோட்டில் சல்லி போட வேண்டும். மணல் தெறித்துச் சுவரின் அடி ஊறிவிடும்.

ஒக்டோபர் 15
றிப்போட் வரவில்லை.

ஒக்டோபர் 16
ஓடாவியார் கோபித்துக்கொண்டார். “மறுகா மழைக்குள்ள நான் ஏறமாட்டன் தம்பி.” அப்புறம் அவரே வழியும் சொன்னார். கூரைக்குச் சுற்றிவர இரண்டடி, மாமி பக்கம் மட்டும் ஒன்றரை. வாசலுக்கு மேல் தனியாக நாலடிப் பத்தி, சின்னச் சாய்ப்புக் கூரை, சிலாகையோடு சேராமல். புயல் கேட்டால் பத்தியை மட்டும் கொடுப்போம். சிலாகைகளை ஆணியில் நம்பாமல் பீமில் விட்ட கம்பியால் இறுக்க வேண்டும்.

இதை ஏன் நான் யோசிக்கவில்லை?

ஒக்டோபர் 19
பத்தி என்றதும் அப்பா சிரித்தார். “அண்டைக்கு மிஞ்சினது குசினிதான். அதுக்குத் தாவாரமே இல்ல.” நூறு தரத்தில் ஒரு தரமும் இதைச் சொன்னதில்லை.

றிப்போட் நாளைக்காம்.

ஒக்டோபர் 20
தகரம் ஏற்றிய லொறி ஒழுங்கைக்குள் திரும்பும்போது வார்டிலிருந்து கோல். சாவியை ஓடாவியாரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டடி என்று இரண்டு தரம் சொன்னேன். மாமி பக்கம் ஒன்றரை என்று சொன்னேனா