மிளகு கெட்டது, ஏலக்காய் தப்பியது

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவு கம்பம் திரும்பியதும் ஒரு மணி நேரம் சி++ என்ற நிரல்மொழி. தேவைக்கேற்ப நீளும் பட்டியலான வெக்டர் உள்ளே எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள, நானே ஒன்று கட்டி வருகிறேன். அதில் போடுவது கடைச் சரக்குகளின் பெயர்கள்.

நினைவகத்தில் இடம் கேட்டால் மாலாக் தருவது வெறும் மனை. எழுத்துகளை வைக்கும் ஸ்ட்ரிங் என்ற வீடு அங்கே இன்னும் எழும்பவில்லை. சமக்குறி போட்டு மதிப்பு வைக்க முடியாது. பிளேஸ்மெண்ட் நியூ போட்டு, பொருளைப் பிறப்பிக்கும் கன்ஸ்ட்ரக்டரை அந்த முகவரியிலேயே ஓட்டினேன். இதுவரை சிக்கல் இல்லை.

நான்கு பெயருக்கு இடம்: ஏலக்காய், மிளகு, இஞ்சி, கிராம்பு. ஐந்தாவதாகப் புளி வந்ததும் வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக் கொண்டு இடத்தை 8 ஆக்கினேன். அச்சிட்டால் மிளகும் இஞ்சியும் மட்டும் குப்பை எழுத்துகள். முடிவில் பாயிண்டர் (நினைவக முகவரி) செல்லாது என்று நிரலே விழுந்தது. ரீஅலாக் அதே இடத்தை நீட்டிக் கொடுத்த தடவைகளில் மட்டும் ஒழுங்காக ஓடியது.

மூன்று இரவு போனது. கடையில் உடன் வேலை செய்யும் சேச்சி மிளகைக் குருமுளகு என்பார். அப்படியே எழுதிப் பார்த்தேன், கெடவில்லை! விஷயம் பெயரின் நீளத்தில் இருக்கிறது.

ஜிசிசி கம்பைலரின் நூலகத்தில், 64 பிட் கணினியில், ஸ்ட்ரிங் 32 பைட். 15 பைட் வரையிலான எழுத்து அதற்குள்ளேயே அடங்கும். மிஞ்சினால் ஹீப் என்ற பொது நினைவகப் பகுதியில் தனி இடம். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் கொம்பு, கால், புள்ளி உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். மிளகு சரியாக 15, ஏலக்காய் 24. சின்னப் பெயரின் பாயிண்டர் தன் உடம்புக்குள் இருக்கும் இடத்தையே காட்டும். ரீஅலாக் செய்வது போலப் பைட்டுகளை மட்டும் அள்ளிப் புது இடத்தில் கொட்டினால், வீடு மாறியும் ரேஷன் கார்டில் பழைய விலாசம் இருப்பது போல, அது பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பொருளை அழிக்கும் டிஸ்ட்ரக்டர் அதை விடுவிக்கப் போய்த்தான் நிரல் விழுந்தது. ஏலக்காய் பிழைத்தது தற்செயல்தான். விதிப்படி அதுவும் தவறு.

ரீஅலாக்கை எடுத்துவிட்டேன். இப்போது, இடம் வாங்கித் தரும் அலோகேட்டரோடு பேச உதவும் அலோகேட்டர் ட்ரெய்ட்ஸ் வழியாக அலோகேட் கேட்டுப் புது இடம், கன்ஸ்ட்ரக்ட் கொண்டு ஒவ்வொன்றையும் அங்கே மூவ் செய்து (உள்ளிருப்பதை நகலெடுக்காமல் கைமாற்றி) பிறப்பித்தல், பழையதை அழிக்க டெஸ்ட்ராய், பிறகு, வாங்கிய அதே எண்ணிக்கை சொல்லி இடத்தைத் திருப்பித் தர டீஅலோகேட். அலோகேட்டரிடமே நேராகக் கன்ஸ்ட்ரக்ட் கேட்கும் பழைய வழக்கம் சி++20இல் நீக்கப்பட்டுவிட்டது. பெயரை ஒரு சிறு கிளாஸுக்குள் வைத்து, எத்தனை பிறக்கிறது, எத்தனை அழிகிறது என்று எண்ணினேன்: முதலில் 4, நகர்த்தியது 4, புளி 1. பிறப்பு 9, அழிவும் 9. அந்த இரண்டு எண்களும் ஒத்து நின்றதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

பாக்கி ஒன்று உண்டு. நகர்த்தும் பாதியில் எக்ஸெப்ஷன் என்ற பிழை அறிவிப்பு வந்தால், புதிதாகப் பிறந்தவற்றை அழித்து இடத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்கு, எல்லாம் பிறந்து முடியும்வரை பழையவற்றைத் தொடக் கூடாது. மூவ் எக்ஸெப்ஷன் வீசக்கூடியது என்றால், பழையதை மாற்றாமல் நகலெடுக்கும் காப்பிதான். மூன்றாவது சரக்கில் வேண்டுமென்றே எக்ஸெப்ஷன் வீசும் சோதனையை எழுதி வைத்திருக்கிறேன், நாளை இரவு ஓட்ட வேண்டும்.