வாயைத் திறந்து பேசவும்

விசாவுக்கான படத்தில் சிரிக்கக் கூடாது. இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக் கூடாது, முகத்தை இயல்பாக வைத்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்கட்டும். தர்மபுரி ஸ்டுடியோக்காரர் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னபோது, அமெரிக்க அரசாங்கம் என்னை மனதில் வைத்தே விதி எழுதியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து பல் தெரிய நான் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் ஏறினால் ஒகேனக்கல் ரொம்ப தூரம் இல்லை. காவிரி அவ்வளவு பக்கத்தில் விழுந்து ஓட, நாங்கள் குடித்து வளர்ந்தது போர் தண்ணீர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், நாற்றம் கிடையாது, களி கிண்டினால் களியும் நன்றாகத்தான் வரும். பாறைக்குள்ளிருந்து அதில் கரைந்து வருகிற ஃப்ளோரைடு, பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும்போதுதான் முகம் காட்டும். முதலில் சுண்ணாம்பு தீற்றியது போல் வெள்ளைத் திட்டு. அப்புறம் அது மஞ்சளாகி, காவியாகி, சிலருக்குக் குழிகூட விழும். தேய்த்தால் போகாது. சாம்பல், உப்பு, எலுமிச்சம்பழத் தோல் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. ஈறுதான் புண்ணானது.

ஊருக்குள் இருக்கும்வரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை, எல்லோருக்கும் அப்படித்தானே. அக்காவைப் பெண் பார்க்க ஓமலூர் பக்கத்திலிருந்து வந்தார்கள். அன்றைக்கு அவள் கடைசிவரை சிரிக்கவில்லை. காபி கொடுக்கும்போது அம்மா பின்னாலிருந்து சைகை செய்துகொண்டே இருந்தார். சேலத்தில் சிவில் படிக்கப் போனதும் விடுதியில் எனக்கு 'வெத்தலை' என்று பெயர் வைத்தார்கள். நான் வெற்றிலை போடுவதில்லை என்று முதல் மாதம் எல்லோரிடமும் விளக்கினேன். இரண்டாவது மாதம் விட்டுவிட்டேன். உதட்டை இழுத்துப் பல்லை மூடிக்கொண்டு பேசும் பழக்கம் அங்கேதான் கைவந்தது.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. ஜப்பான் கடனுதவி, 1,928 கோடி ரூபாய்த் திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வெளியே தெரியும் பற்கள் எல்லாம் முளைத்து, கறை ஏறி முடிந்துபோயிருந்தன. அடுத்த வருடம் பிறந்த சித்தப்பா மகளுக்குப் பல் முல்லைப் பூ மாதிரி இருக்கும். ஒரே வீடு, ஒரே அடுப்பு. குழாய் மட்டும் வேறு.

மேற்படிப்புக்கு நான் சுற்றுச்சூழல் பொறியியல் எடுத்ததற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால், எனக்கிருந்த மதிப்பெண்ணுக்கும் மொழித் தேர்வில் வந்த புள்ளிக்கும் அந்தத் துறையில்தான் இடம் கிடைத்தது. கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊர். பல்கலைக்கழகத்திலிருந்து ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வந்தது, செவிஸ் என்ற மாணவர் பதிவுக்குக் கட்டணம் 350 டாலர், விசாவுக்கு 185 டாலர். மரவள்ளியும் சாமந்தியும் போடுகிற இரண்டரை ஏக்கரை வங்கியில் அடமானம் வைத்தோம். பட்டா தாத்தா பேரில் இருந்ததால் அதை மாற்றவே நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தைப் பற்றி எழுத இப்போது எனக்குத் தெம்பு இல்லை.

சென்னை அண்ணா சாலையில் நேர்காணல். யார் செலவு செய்கிறார்கள், ஏன் அந்தப் பல்கலைக்கழகம், இரண்டே கேள்விதான். உதடு பிரியாமல் பதில் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மணி இரண்டு முறை "மறுபடி சொல்லுங்கள்" என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தேன். ஃபோர்ட் காலின்ஸ் ஐயாயிரம் அடி உயரம், காற்றில் ஈரமே கிடையாது. முதல் வாரமே உதடு வெடித்து மூக்கில் ரத்தம் வந்தது. ஊருக்கு மேற்கே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது, அதன் பெயர் ஹார்ஸ்டூத். குதிரைப்பல்! மேலே ஒரு பாறை பல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயராம். ஊரின் குடிதண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. தப்பித்து வந்த இடத்திலும் தண்ணீரோடு பல் வந்து நிற்கிறதே என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

இரண்டாவது செமஸ்டரில் டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தது. இங்கே எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வருகிறவர்கள் பாடம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, முதல் வருடம் வளாகத்துக்கு வெளியே போகவும் கூடாது. அதனால் இந்த வேலைக்கு அடிதடி. கிடைத்தால் கட்டணத்தில் பெரும்பகுதி கழியும், கையிலும் கொஞ்சம் வரும். இளநிலை மாணவர்கள் பதினெட்டு பேருக்கு நீர் வேதியியல் ஆய்வுக்கூடம் எடுக்க வேண்டும். நான் பெரும்பாலும் பலகையைப் பார்த்தபடியே எடுத்தேன்.

செமஸ்டர் முடிவில் மாணவர்கள் ஆசிரியருக்குப் பேர் போடாமல் மதிப்பீடு எழுதுவார்கள். பாடத்தில் கெட்டிக்காரர், பொறுமைசாலி, விடைத்தாளைச் சீக்கிரம் திருத்தித் தருகிறார் என்றெல்லாம் இருந்தது. கீழே ஏழு பேர் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: முணுமுணுக்கிறார். ஒருவர் மட்டும், 'தயவுசெய்து வாயைத் திறந்து பேசவும்.'

உச்சரிப்புதான் பிரச்சினை என்று நினைத்த பேராசிரியர் பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போகச் சொன்னார். பிரச்சினை நாக்கில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் மாணவர் காப்பீட்டில் பல் சேராது. கண்ணும் பல்லும் உடம்பில் சேர்த்தி இல்லை போல. பல் சுத்தம் செய்யும் படிப்பு நடத்தும் கல்லூரி ஒன்றில் மாணவர்களே குறைந்த காசுக்குச் செய்துவிடுகிறார்கள் என்று அறைத்தோழன் சொன்னான். அவன் நெல்லூர்க்காரன், எது எங்கே மலிவு என்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. 2024 செப்டம்பரில் போனேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி விளக்கை இறக்கி வாய்க்குள் பார்த்தாள். புகையிலை உண்டா? இல்லை. டீ நிறையக் குடிப்பீர்களா? இரண்டு வேளைதான். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போய், தலை நரைத்த ஆசிரியை ஒருவரைக் கூட்டிவந்தாள். அவர் ஒரே பார்வை பார்த்தார். அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு வகுப்பு மொத்தத்தையும் அழைத்தார்.

எட்டுப் பேர். முகமூடிக்கு மேலே எட்டு ஜோடிக் கண்கள். நாற்காலி சாய்ந்திருக்கிறது, வாய் ஆவென்று திறந்திருக்கிறது, எச்சிலை உறிஞ்சும் குழாய் கர்ரென்று ஓடுகிறது. இத்தனை வருடம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததை எட்டு பேர் முறைவைத்து எட்டிப் பார்க்கிறார்கள். ஒருவன் "ஆஹா" என்றான். அவமானமாக இருந்ததா என்று கேட்டால், முதல் இரண்டு நிமிடம் இருந்தது. அப்புறம் அந்த ஆசிரியை சொல்லத் தொடங்கிய கதையில் காது போய்விட்டது.

இதே மாநிலத்தில், தெற்கே கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்றொரு நகரம். 1901-ல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அங்கே வந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் பலருக்குப் பல்லில் காவிக் கறை. ஊரார் அதற்கு 'கொலராடோ பிரவுன் ஸ்டெயின்' என்றே பேர் வைத்திருந்தார்கள். காரணம் தெரியாமல் மனுஷர் முப்பது வருடம் அலைந்தார். 1923-ல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து புதுக் குழாய் இழுத்தபிறகுதான் பிள்ளைகள் பல் கெட்டது என்று தாய்மார்கள் சொன்னார்கள். குழாயை மாற்றுங்கள் என்றார். மாற்றினார்கள். சில வருடத்தில் புதிதாக முளைத்த பற்கள் வெள்ளையாக இருந்தன. 1931-ல்தான், ஓர் அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர் தண்ணீரைச் சோதித்து ஃப்ளோரைடைக் கண்டுபிடித்தார்.

நாற்காலியில் படுத்தபடி நான் சித்தப்பா மகளை நினைத்துக்கொண்டேன். ஓக்லியில் 1920-களில் நடந்தது எங்கள் தெருவில் 2013-ல் நடந்திருக்கிறது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் ராக்கி மலைக் கிரானைட், எங்கள் ஊரில் கரும்பாறை. பாறை இப்படி இருந்தால் பல் அப்படித்தான் ஆகும்.

கதையின் மறுபாதிதான் விசேஷம். அந்தக் கறைப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பதை மெக்கே கவனித்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு போய், 1945-ல் மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராபிட்ஸ் நகரத் தண்ணீரில் வேண்டுமென்றே கொஞ்சம் ஃப்ளோரைடு கலந்தார்கள். இன்றைக்கு இந்த நாட்டில் பல ஊர்களில் கலக்கிறார்கள், லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று கணக்கு. அது வேண்டுமா வேண்டாமா என்று ஊருக்கு ஊர் சண்டையும் நடக்கிறது. எங்களுக்கு அது வேண்டாம் என்று கோடிக்கணக்கில் செலவழித்துக் காவிரியைக் குழாயில் ஏற்றிக்கொண்டு வந்தோம், இவர்கள் காசு கொடுத்து மூட்டையில் வாங்கிப் போடுகிறார்கள். அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நம்ம போரைக் கழட்டி அனுப்பிடலாமா?" என்றார்.

கறையை மறைக்க முன்பற்களுக்கு மேலே ஓடு ஒட்டலாம், பல் ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று அந்த ஆசிரியை சொன்னார். கடனுக்கு வட்டி கட்டுவதா, பல் கட்டுவதா? அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

2025 ஜனவரியில் ஓசூர்ப் பையன் ஒருவன் புதிதாகச் சேர வந்தான். அவன் பெட்டியில் என் அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி, எள்ளுப் பொடிக்கு நடுவே என் அப்பா ஒரு லிட்டர் போர் தண்ணீர் வைத்து அனுப்பியிருந்தார். கேட்டது நான்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தவர் இது என்ன என்று கேட்டாராம். இவன் "தண்ணீர்" என்றானாம். "இந்தியாவிலிருந்தா? தண்ணீரா?" என்றாராம் அவர். கங்கை ஜலம் என்று நினைத்து விட்டிருப்பார் என்பது பையனின் ஊகம்.

அந்த செமஸ்டர் ஃப்ளோரைடு சோதனை வந்தபோது பாட்டிலோடு வகுப்புக்குப் போனேன். செய்முறை எளிது. தண்ணீரில் பாதிக்குப் பாதி 'டைசாப்' என்ற கரைசலை ஊற்ற வேண்டும். அலுமினியம், இரும்பு எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும் ஃப்ளோரைடை அது விடுவித்துவிடும். பிறகு நுனியில் லாந்தனம் ஃப்ளோரைடு படிகம் வைத்த மின்முனையை உள்ளே விட்டால் எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். குழாய்த் தண்ணீருக்கு 0.7-ஐ ஒட்டி நின்றது. என் பாட்டிலுக்கு 3.3.

இந்தியாவில் 1.5-க்கு மேல் போகக் கூடாது என்று பலகையில் எழுதினேன். போனால் என்ன ஆகும் என்று ஒரு பெண் கேட்டாள். நான் பலகையை விட்டுத் திரும்பி, உதட்டை விலக்கி, "இப்படி ஆகும்" என்றேன். பதினாறு பேர், ஒரு சத்தமில்லை. கடைசி வரிசைப் பையன் கையைத் தூக்கினான். "ஆனால் இந்த நாட்டுச் சட்டத்தில் வரம்பு 4.0. உங்கள் ஊர்த் தண்ணீர் இங்கே சட்டப்படி சரிதானே?"

சரிதான். இரண்டைத் தாண்டினால் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் விதி இருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை, உற்சாகமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் மரவள்ளி பிடுங்குகிற ஆள் ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு தண்ணீர் குடிப்பார், அதே தண்ணீரில்தான் களியும் குழம்பும், வயதானபின் எங்கள் ஆயாவுக்கு ஏன் முட்டி மடங்கவில்லை என்றெல்லாம் மணி அடித்தபிறகும் பேசிக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிக்கொண்டது. அந்த முறை மதிப்பீட்டில் முணுமுணுப்பு பற்றி யாரும் எழுதவில்லை. சத்தமாகப் பேசுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பாட்டிலில் முக்கால்வாசி மீதமிருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி எழுதி ஒட்டி, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒட்டியது தமிழில். ஞாயிற்றுக்கிழமை நூலகத்திலிருந்து வந்தால் ரசம் கொதிக்கிறது, பாட்டில் காலியாகச் சிங்க்கில் கிடக்கிறது. ஜில்லென்று இருந்தது, எடுத்து ஊற்றிவிட்டேன் என்றான் நெல்லூர்க்காரன். ஓசூர்ப் பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு, மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம் வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. பொடி அம்மாவுடையது, அதனாலும் இருக்கலாம்.

இரவு அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"இன்னொரு பாட்டில் அனுப்பட்டுமா?" என்றார்.