ஆறு மீற்றரும் ஒரு நூல் சேலையும்

உள்ளூராட்சிக் கவுன்சிலின் கடிதம் பன்னிரண்டு நாளாகக் குசினி மேசையில் கிடந்திருக்கிறது, பீட்சாக் கடை விளம்பரங்களுக்கு அடியில். பிரித்து வாசித்தது மனிசிதான்.

"பக்கத்து வீட்டுக்காரர் பின்னுக்கு ஆறு மீற்றர் இழுக்கப் போகினமாம். உங்களிட்டைச் சொன்னவையே?"

சொல்லவில்லை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் கோயிலில் கண்டு, மகனின் பரீட்சை, யாழ்ப்பாணத்துக் காணி விலை என்று அரை மணித்தியாலம் கதைத்திருந்தோம். கட்டடம் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்கள் கட்டப் போவதைவிட அந்த அரை மணித்தியாலம்தான் எனக்குச் சுட்டது.

இது 2024 பங்குனியில் நடந்தது. வடமேற்கு லண்டனில், மெட்ரோபொலிற்றன் ரயில் பாதையை நம்பி 1930களில் வரிசை வரிசையாகக் கட்டின வீடுகளில் ஒன்று எங்களுடையது. இரண்டிரண்டாக ஒட்டின வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அவர் ஆணி அடித்தால் எங்கள் படம் ஆடும். பின்வளவு கிழக்குப் பார்த்தது, அவர்கள் வீடு எங்களுக்குத் தெற்கே. குசினி யன்னல் அவர்களுடைய வேலியில் இருந்து இரண்டு மீற்றர் தள்ளி. எண்பத்திரண்டு வயது அம்மா காலையில் பாணும் தேத்தண்ணியுமாக இருப்பது அந்த யன்னலடியில்தான். வெயில் எங்கே விழுகிறதோ அங்கே கதிரையை இழுத்துக்கொள்வா.

கடிதத்தில் மூன்று எண்கள். பின்சுவரில் இருந்து நீளம் 6 மீற்றர், ஆகக் கூடிய உயரம் 3.2, கூரை விளிம்பின் ஓர உயரம் 2.9. அடியில், மறுப்பு இருந்தால் 21 நாளுக்குள் எழுதச் சொல்லியிருந்தது. எனக்கு மிச்சம் ஒன்பது.

இங்கிலாந்தில் ஒட்டு வீட்டுக்காரர் பின்பக்கமாக, மேல்மாடி இல்லாமல் கீழ்த்தளத்தில் மட்டும் எக்ஸ்ரென்ஷன் போட்டு வீட்டை நீட்டும்போது, மூன்று மீற்றர் வரைக்கும் பிளானிங் அனுமதி, அதாவது கட்டுவதற்கான கவுன்சில் அனுமதி, தேவையில்லை, உயரம், பொருள் பற்றிய சில நிபந்தனைகளை மட்டும் மீறக் கூடாது. மூன்றுக்கு மேல் ஆறு வரைக்கும் ஒரு இடைவழி இருக்கிறது. 2013இல் தற்காலிகமாகக் கொண்டுவந்து 2019இல் நிரந்தரமாக்கினார்கள். முழு விண்ணப்பம் இல்லை, கவுன்சிலுக்கு முன்கூட்டியே அறிவித்தால் போதும். கவுன்சில் ஒட்டின வீடுகளுக்குக் கடிதம் போட்டு 42 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதில் எனக்குத் தெரியாமல் இருந்த விசயம் ஒன்று: அயலவர் ஒருவரும் மறுக்காவிட்டால், கட்டடம் அயலுக்கு என்ன செய்யும் என்பதைக் கவுன்சில் பார்க்கவே மாட்டாது. மௌனம் சம்மதம் என்பது இங்கே பழமொழி இல்லை, நடைமுறை. பீட்சா விளம்பரத்துக்கு அடியில் கிடந்தது என் சம்மதம்.

அன்றிரவே இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். வீட்டின் விலை விழும். பேரி மரத்தின் பூ தெரியாது. ஆறு மாதம் தூசி பறக்கும், அம்மாவுக்கு இழுப்பு இருக்கிறது. கடைசியில், இவர்கள் அறை கட்டி வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம், அதையும் போட்டேன். வேலையிடத்தில் ஒருத்தி முன்பு வேறொரு கவுன்சிலின் பிளானிங் பகுதியில் இருந்தவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினேன். பேனையை எடுத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். வீட்டு விலை எடுபடாது. காட்சி மறைவதும் எடுபடாது. தூசியும் சத்தமும் கட்டும் காலத்துப் பிரச்சினை, பிளானிங்குக்கு அதில் வேலையில்லை. அவர்களின் நோக்கம் பற்றின சந்தேகம் உன் பெயரைத்தான் கெடுக்கும், ஏனென்றால் அயலவர் எழுதுகிறவற்றை யாரும் வாசிக்கலாம், அவர்களும் வாசிப்பார்கள். இரண்டு பக்கத்தில் மிஞ்சினது ஒரு வரி: குசினிக்கு வெளிச்சம் குறையும்.

"அதைக் காட்டு" என்றாள்.

சனிக்கிழமை விடிய எழும்பினேன். தக்காளிக்கு நடும் மூங்கில் தடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து டேப் சுற்றி, வேலியோரமாக எங்கள் பக்கத்தில் நாலு இடத்தில் ஊன்றினேன். வேலி ஆறடி, 1.8 மீற்றர். கட்டடத்தின் ஓரம் 2.9. இடையில் மறைக்க வேண்டியது ஒரு மீற்றரும் பத்துச் சதமமீற்றரும். என்ன துணி போடுவது என்று யோசித்துக்கொண்டு நிற்க, அம்மா தன் பழைய நூல் சேலை ஒன்றைக் கொண்டுவந்து தந்தா. சேலையின் அகலம் கிட்டத்தட்ட அதேதான். நீளம் ஐந்தரை மீற்றர், அரை மீற்றர் குறைவு. பரவாயில்லை என்று கட்டினேன்.

பக்கத்து வீட்டு மேல் யன்னல் திறந்தது. அவருடைய மனைவி.

"அண்ணை, சேலை காயப் போடுறியளோ?"

"இல்லைத் தங்கச்சி, உங்கட சுவரைக் காயப் போடுறன்."

யன்னல் மூடினது. கொஞ்சம் கூடத்தான் கதைத்துவிட்டேன்.

எட்டு மணியில் இருந்து பன்னிரண்டு வரை அரை மணிக்கு ஒருக்கால் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்தேன், ஒன்பது படம். எட்டு மணிக்கு வெயில் மேசையின் பாதியில் இருந்தது. ஒன்பதரைக்குச் சேலையின் நிழல் யன்னல் கட்டையைத் தொட்டது. பத்துக்கு அம்மாவின் கைக்கு வந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தா. கதிரையை ஒருமுறை இழுத்தா, திரும்பவும் இழுத்தா, பிறகு சுவரோடு போய் நின்றா. இழுக்க இடமில்லை. அந்தப் படத்தைத்தான் முதலாவதாக வைத்தேன். கூடவே வரைபடத்தில் எங்கள் யன்னலின் நடுவில் இருந்து 45 பாகையில் ஒரு கோடு. பல கவுன்சில்கள் வெளிச்சத்தைக் கணிக்க முதலில் பிடிக்கும் கோடு அது. ஆறு மீற்றர்ச் சுவர் அதைத் தாராளமாக வெட்டினது. அரைப் பக்கக் கடிதம், பத்தொன்பதாம் நாள் அனுப்பினேன்.

கோயிலில் ஒரு ஐயா, "இருபது வருச யன்னல் வெளிச்சத்துக்குச் சட்டம் இருக்கு, லோயரைப் பிடியும்" என்றார். இருக்கிறது, 1832இல் வந்த சட்டம். ஆனால் அது கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத சிவில் வழக்கு. ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவரோடு வழக்குப் பேசிக்கொண்டு எப்படி நித்திரை கொள்வது? ஊரில் ஒரு வேலிக் கதியாலுக்காக மூன்று தலைமுறை கோட்டுப்படி ஏறின குடும்பத்தில் பிறந்தவன் நான். அப்பு வென்றார் என்றுதான் சொல்வார்கள். வென்றது ஒரு முழம் நிலம். வழக்குக்காக விற்றது ஒரு பரப்புக் காணி.

இரண்டு கிழமை கழித்துக் கதவைத் தட்டினது அவர்.

"என்ன அண்ணை, எங்களோட ஒரு சொல் கதைக்காமல் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டியள்?"

"நீங்களும் ஒரு சொல் கதைக்காமல்தானே கவுன்சிலுக்குப் போனனீங்கள்?"

இரண்டு பேரும் வாசலில் நின்றோம். மனிசி உள்ளே இருந்து, "குளிருது, உள்ளுக்கு வாங்கோ ரெண்டு பேரும்" என்று கத்தினதால் விசயம் தேத்தண்ணிக்கு வந்தது. கவுன்சில் அதிகாரி அவருடைய வரைபடக்காரரோடு பேசியிருக்கிறா, இப்படியே போனால் மறுக்கப்படலாம் என்று. ஆறு மீற்றர் ஏன் என்று அப்போதுதான் கேட்டேன். அவருடைய தகப்பனுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் இருந்து வரப்போகிறார், மாடி ஏற ஏலாது. கீழே ஒரு படுக்கையறையும் சக்கர நாற்காலி போகும் அளவுக்கு ஒரு குளிக்கிற அறையும் வேண்டும். இதைக் கோயிலில் சொல்லியிருந்தால் நான் சேலை கட்டியிருப்பேனா என்று தெரியவில்லை. கட்டாமல் விட்டிருந்தால் அம்மாவின் யன்னல் போயிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

ஒன்பது படங்களையும் கைபேசியில் காட்டினேன். பத்து மணிப் படத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விளம்பரக் கடுதாசியின் பின்பக்கத்தில் அவரே கீறினார்: எங்கள் பக்கம் மூன்றரை மீற்றர், அதற்குப் பிறகு சுவர் உள்ளே மடிந்து, அந்தப் பக்கம் ஆறு. பழைய விண்ணப்பத்தை மீளப் பெற்றுப் புதிதாகப் போட்டார்கள். இரண்டாவது கடிதம் வந்தபோது மேசையில் வைக்கவில்லை, குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் போட்டு ஒட்டி வைத்தேன். மறுப்பு எழுதவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனியில் இன்னொரு கடிதம், இது அவர்களிடமிருந்து நேரடியாக. 1996ஆம் ஆண்டுப் பார்ட்டி வோல் (பொதுச்சுவர்) சட்டத்தின்படி அறிவித்தல். எங்கள் வீட்டில் இருந்து மூன்று மீற்றருக்குள், எங்கள் அத்திவாரத்தைவிட ஆழமாக வெட்டப் போவதால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தில் கவுன்சிலுக்குப் பங்கே இல்லை, அனுமதி கிடைத்தாலும் இது தனி. இங்கே மௌனத்தின் கணக்குத் தலைகீழ்! 14 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் தகராறு இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு சேர்வேயர்கள், அதாவது கட்டட அளவையாளர்கள், வந்து தீர்ப்பு எழுத வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்து ஒருவரையே வைக்கலாம், ஆளுக்கு ஒருவரும் வைக்கலாம். பெரும்பாலும் எல்லாச் செலவும் கட்டுகிறவர் தலையில்தான். பழிவாங்க விரும்புகிற அயலவனுக்கு இதைவிட வசதியான சட்டம் இல்லை. ஒருவரே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வந்த சேர்வேயர் மெல்லிய மனிதர், காலுறையோடு வீடு முழுக்க நடந்தார். கட்டத் தொடங்கும் முன் எங்கள் வீடு இருந்த நிலையைப் பதிவு செய்வதுதான் அவர் வேலை. பிறகு எந்த வெடிப்பு யாருடையது என்று சண்டை வராது. குசினி மேல்மூலையில் மயிர்க்கோடு, மாடிப்படியோரம் இன்னொன்று, இருபது வருசமாக நான் காணாதவற்றை எல்லாம் படம் எடுத்தார். மேலே கூரைக்கு அடியில் உள்ள லொஃப்ட் அறையில் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த இரும்பு உத்திரத்தின் முனை சுவருக்குள் போகிறதே. இதற்கு அறிவித்தல் கொடுத்தீர்களா?"

கொடுக்கவில்லை. 2016இல் லொஃப்ட் மாற்றியபோது பில்டர் "அதெல்லாம் தேவையில்லை" என்றார், எனக்கும் அது வசதியாக இருந்தது. சுவரை வெட்டி இரும்பு வைப்பதென்றால் இரண்டு மாத முன்னறிவித்தல். அப்போது பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு ஆங்கிலேயக் கிழவி. துளை போட்ட அன்று தன் பியானோ மேல் செங்கல் தூசி கொட்டியது என்று வந்து சொன்னா. குறை சொல்வதுபோல்கூட இல்லை, மழை பெய்தது என்று சொல்வதுபோல. நான் ஒரு தட்டில் மரக்கறி ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டைக் கழுவித் திருப்பித் தந்தா. அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது என்று எட்டு வருசம் நினைத்திருக்கிறேன்.

பின்னேரமே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எஞ்சினியரின் கணக்கையும், வேலை முடிந்து கிடைத்த கட்டடப் பரிசோதனைச் சான்றிதழையும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "அப்ப அண்ணை, உங்கட லொஃப்ட் எங்கட சுவரில குந்தியிருக்கு" என்றார். சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கட்டின நாலு மாதத்தையும் விரித்து எழுத ஒன்றும் இல்லை. சத்தம் சத்தம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு வெட்டு மெசினை முடுக்கினார்கள். எங்கள் பகுதியில் கிழமை நாட்களில் எட்டில் இருந்து ஆறு, சனி ஒன்று வரை, ஞாயிறு கூடாது. ஒரு செய்தி அனுப்பினேன், நின்றது. அத்திவாரத்தில் மட்டும் ஒரு விசயம். லண்டன் நிலம் களிமண். மரம் பக்கத்தில் இருந்தால் கோடையில் தண்ணீர் உறிஞ்சிச் சுருங்கும், மழையில் ஊதும். கட்டடப் பரிசோதகர் வந்து பார்த்து இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னார். காரணம் என் பேரி மரம். கூடின கொங்கிறீற்றுக்குக் காசு கொடுத்தது அவர். மரத்தை வெட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வருசத்துப் பழத்தில் ஒரு பை நிறையப் போனது.

ஒரு இடத்தில் மட்டும் விடாப்பிடியாக நின்றேன். கூரைத் தண்ணீர் பீலி எல்லைக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் பத்துச் சதமமீற்றர் நீட்டிக்கொண்டு வரும்படி கீறியிருந்தார்கள். ஊரில் தாழ்வாரத்துத் தண்ணி அடுத்த வளவுக்குள் சொட்டினாலே காணும், வெட்டுக் குத்து வரைக்கும் போகும். சுவரைக் கொஞ்சம் உயர்த்தி, பீலியை உள்ளே மறைத்துக் கட்டச் சொன்னேன். கட்டினார்கள்.

ஒருவரும் நினைக்காதது கூரைக் கண்ணாடி. பெரியவரின் அறைக்குப் பகல் வெளிச்சம் வர மேலே கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். இரவில் அது மேல் நோக்கி எரிகிறது, நேரே அம்மாவின் படுக்கையறை யன்னலுக்கு. எந்தக் கடிதத்திலும் அது பற்றி ஒரு வரி இல்லை. பிளைன்ட் போடச் சொல்லிக் கேட்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"வேண்டாம். ரெண்டு மூண்டு மணிக்கு நான் முழிக்கேக்கை அந்தாளும் முழிச்சிருக்கிறார் எண்டு தெரியுது. இருக்கட்டும்."

காலையில் மேசையைச் சுவரோரமிருந்து அரை மீற்றர் தள்ளிப் போட்டிருக்கிறேன். பதினொரு மணி வரைக்கும் வெயில் நிற்கிறது.