ஜமக்காளப் பை

ஜூலை 8, 2024, திங்கள்

ஜமக்காளத்தை வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாள் அம்மா. அட்டாலியில் இருந்து இறக்கி உதறியதும் வீடு பூராவும் பாச்சை உருண்டை வாசம். 1988இல் கல்யாணச் சீருக்காக அம்மாவின் அப்பா, எங்கள் அப்பிச்சி, பவானியில் தறிக்காரர் வீட்டுக்கே போய் வாங்கி வந்தது. சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகப் பட்டை பட்டையாக இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு மூலையை மட்டும் எலி கடித்திருக்கிறது, அது போக ஒரு பை தாராளமாகத் தேறும்.

அப்பா இனிமேல் அந்தக் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு கிட்னி வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. ஃபைல், ஸ்கேன் கவர், போர்வை, டிபன் டப்பா எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. போன வாரம் டோக்கன் எடுக்கிற இடத்தில் அது சரிந்து காகிதமெல்லாம் தரையில் விழுந்தது. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், என்னைத் தொட விடவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஈரோடு கனி ஜவுளி மார்க்கெட். செவ்வாய்ச் சந்தை ஆனதால் வெளியூர் வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள், நடக்க வழியில்லை. உள்துணிக்குக் காடாத் துணி ஒன்றரை மீட்டர் வாங்கினேன். பக்கத்துச் சந்தில் தையல் சாமான் கடையில் ஒன்றரை இஞ்ச் நாடா, ஜிப், வளையம், நாடாவை ஏற்றி இறக்குகிற பக்கிள். கடைக்காரர் பிளாஸ்டிக்கே போதும் என்றார். நான் இரும்பில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஃபைல் மட்டுமே ஒரு கிலோ இருக்கும்.

ஜூலை 10, புதன்

காலையில் அப்பாவின் இடது கையில், டயாலிசிஸுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். ரத்தம் கிர்ரென்று ஓடுகிறது.

ஜூலை 12, வெள்ளி

தினசரித் தாளில் அளவு போட்டேன். ஃபைல் படுக்காமல் நிற்க வேண்டும், அதனால் 15 இஞ்ச் அகலம், 12 உயரம், 4 இஞ்ச் பக்கவாட்டு. சுற்றிலும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டால் முன்னும் பின்னும் 16க்கு 13. பக்கவாட்டுப் பட்டி ஒரே நீளமாக 40க்கு 5. மூடி, முன்பக்க இறக்கத்தில் முக்கால் பங்காவது வர வேண்டும், மழையில் காகிதம் நனையக் கூடாது. உள்ளே தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பை. அரை லிட்டர் பாட்டில்தான், அதற்கு மேல் பெரிது நுழையக் கூடாது என்று இறுக்கமாகவே வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் கணக்கு. குழம்பு, மோர், காப்பி எல்லாம் அதற்குள்ளேயே.

தோள் நாடாவின் நீளம் தெரியவில்லை. சட்டைக்கு அளவு எடுக்கிறேன் என்று சொல்லி அப்பாவின் தோளில் இருந்து இடுப்பு வரைக்கும் டேப்பைப் பிடித்தேன். "சட்டை எதுக்கு அம்மிணி, இருக்கறதே கெடக்குது" என்றார். கையில் அந்த ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தார். தோள் எலும்பு தட்டுப்பட்டது. எப்போது இவ்வளவு இளைத்தார்?

ஜூலை 14, ஞாயிறு

வெட்டிவிட்டேன். காலையில் இருந்து கத்திரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தேன். ஜமக்காளத்தில் பாவு நூல் வெளியே தெரியாது, ஊடை நூல்தான் தடிமனாக நெருக்கி அடித்து மூடியிருக்கும், அதுதான் அந்த நிறமெல்லாம். வெட்டினால் ஊடை ஒவ்வொன்றாகக் கழன்று வரும். அதனால் சாக்பீஸ் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நெருக்கமாக இரண்டு ஓட்டுத் தையல் போட்டுவிட்டு, அப்புறம் நடுவில் வெட்டினேன். அப்படியும் பிசிறு. வீடு கூட்டக் கூட்டச் சிவப்பு நூல். விளிம்புக்கெல்லாம் காடாத் துணியில் குறுக்குப் பட்டி வெட்டிக் கட்ட வேண்டும், இரண்டு நாள் வேலை.

எலி கடித்த மூலையை அம்மா எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

ஜூலை 17, புதன், ஆடி 1

கை ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் இன்றோடு முடிந்தது. டாக்டர் கையைக் கட்டிப் பார்த்து, நரம்பு இன்னும் புடைக்கவில்லை, இன்னும் இரண்டு வாரம் போகட்டும் என்றார். கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் 6.8. அதுவரை டயாலிசிஸ் இல்லாமல் தாங்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற அந்த ஒரு சொல்லையே பஸ்ஸில் வரும்போது முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். பார்க்கலாம் என்றால் தாங்கும் என்றா, தாங்காது என்றா? அப்பாவிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் தாங்கும் சாமி, நீ வெசனப்படாத" என்றார். அவருக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்?

பொழுதோடு வீதியில் தேங்காய் சுட்டார்கள். எதிர்வீட்டுப் பொடுசுகள் தேங்காய்க்குள் வெல்லமும் பயறும் எள்ளும் அடைத்து, அழிஞ்சில் குச்சியில் குத்தி, நெருப்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஓடு வெடித்து வாசம் வந்தது. ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். தேங்காயும் ஆகாது, வெல்லமும் ஆகாது, பயறும் ஆகாது. அப்பா கிண்ணத்தை மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் சாப்பிட்டேன். சாப்பிட்டிருக்கக் கூடாது.

ஜூலை 18, வியாழன்

ஊசி இரண்டு முறிந்தது.

ஜூலை 20, சனி

16ஆம் நம்பர் ஊசியில் தைக்கப் பார்த்தது என் தப்பு. 18 மாட்டி, தையலை நீளமாக வைத்து, நூல் டென்ஷனைத் தளர்த்தினேன். ஓடுகிறது. மூலையில் பக்கவாட்டுப் பட்டி திரும்புகிற இடம்தான் சிரமம், அங்கே பட்டியில் மட்டும் நாலைந்து சிறு வெட்டு, தையல் கோட்டுக்கு ஒரு நூல் முன்னால் வரைக்கும் கொடுத்தால்தான் வளைந்து கொடுக்கும். மூடி சேருகிற இடத்தில் நாலு அடுக்கு, மெஷின் பாதத்துக்குக் கீழேயே நுழையவில்லை. அம்மா குழவிக்கல்லைக் கொண்டுவந்து, துணியைத் திண்ணையில் வைத்து நசுக்கென்று நாலு போடு போட்டாள். நுழைந்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு தையலாக இறக்கினேன்.

ஜூலை 22, திங்கள்

அகப்பட்டுக்கொண்டேன். மெஷின் மேலே பையைத் திறந்தபடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன், வந்து பார்த்தால் அப்பா அதைத் தோளில் மாட்டிக் கண்ணாடி முன்னால் நிற்கிறார். குண்டூசியால் குத்தி வைத்திருந்த நாடா. இடது தோளில் போட்டு, பை வலது இடுப்பில். 31 வருஷம் ஈரோடு–மேட்டூர் வண்டியில் கண்டக்டர் பையை அப்படித்தான் போட்டார், இடது கையில் டிக்கெட், வலது கை பைக்குள் சில்லறைக்கு. சித்தோடு, பவானி, அம்மாபேட்டை என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அந்தத் தோல் பையைத் தட்டுவார். நான் பள்ளிக்கூடம் போகும்போது சில நாள் அதே வண்டி, அப்பா என்னிடமும் டிக்கெட் கொடுத்துக் காசு வாங்குவார், தன் பையில் இருந்தே எடுத்துப் போட்டிருக்கலாம், போட மாட்டார், என் கையில் காலையிலேயே சில்லறை கொடுத்திருப்பார்.

"இடது பக்கம் வேண்டாங்கப்பா, அந்தக் கையில பாரமே கூடாதுன்னாங்க."

"தோளு வேற கை வேற."

வேறில்லை. நர்ஸ் தெளிவாகச் சொன்னார், அந்தப் பக்கம் பை மாட்டக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது, அந்தக் கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது. அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் கழற்றி வலது தோளில் மாட்டி நாலு எட்டு நடந்தார். "என்னமோ ஆராச்சும் ஒருத்தர் பைய மாட்டிக்கிட்டாப்பல இருக்குது" என்றார். ஆனால் கழற்றவில்லை. அப்படியே வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வலது தோள். வலது தோளுக்கே அளவெடுத்து நாடாவைத் தைத்துவிட்டேன், இரண்டு முனையிலும் கட்டம் போட்டு நடுவில் குறுக்கே பெருக்கல் குறி, இனி எதற்கும் பிரியாது.

ஜூலை 25, வியாழன்

கால் வீக்கம். விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது.

ஜூலை 27, சனி

தூங்கவில்லை. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். தம்பி போனில், வரட்டுமா வரட்டுமா என்கிறான். வா என்று சொன்னால் ஏதோ ஆகிவிட்டது என்று ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. சொல்லவில்லை.

ஜூலை 28, ஞாயிறு, இரவு

டயாலிசிஸுக்காக அப்பாவின் வலது கழுத்தில் குழாய் போட்டுவிட்டார்கள்.

ஜூலை 30, செவ்வாய்

டயாலிசிஸ் நேற்று முதல் தடவை என்பதால் 2 மணி நேரம் மட்டும், இன்றைக்கு 3. மூச்சு இறங்கிவிட்டது, நேற்று ராத்திரி படுத்துத் தூங்கினார். வெளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், டிவியில் மேட்டூர் 120 அடி நிறைந்துவிட்டது என்று திரும்பத் திரும்ப. மடியில் பை.

வலது கழுத்தில் கட்டு. நாடா நேராக அதன் மேல்தான் உரசும். இடது பக்கம் கை. இரண்டு பக்கமும் போய்விட்டது. இத்தனை நாளும் எந்தத் தோள், எந்தத் தோள் என்று அளந்து அளந்து தைத்தேன்.

பெருக்கல் குறியை யார் போடச் சொன்னது.

ஆகஸ்ட் 1, வியாழன்

பிரித்தேன். பிளேடால் ஒவ்வொரு தையலாக, மூன்று மணி நேரம். ஜமக்காளம் ஓட்டை விழாமல் தப்பித்தது.

ஆகஸ்ட் 3, சனி, ஆடி 18

ஆற்றில் வெள்ளம், அம்மா கூடுதுறைக்குப் போகவில்லை. வீட்டிலேயே குடத்துத் தண்ணீருக்கு மஞ்சள் வைத்துக் கும்பிட்டாள். எலி கடித்த அந்தத் துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இதுல கைப்பிடி வருமா பாரு புள்ள." வந்தது. நல்ல பகுதியை 10 இஞ்சுக்கு வெட்டி, உள்ளே நாடா வைத்துச் சுருட்டித் தைத்து, பையின் பின்பக்க மேல் விளிம்பில் பிடித்தேன். வலது கையில் தூக்கலாம். தோள் நாடாவின் இரண்டு முனைக்கும் கொக்கி, குழாயை எடுத்த பிறகு மாட்டிக்கொள்ளட்டும். அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது அந்தத் துண்டு வேண்டியிருக்கும் என்று? கேட்டேன். "எம்மட அப்பன் வாங்குனது, எறிய மனசு வல்ல" என்றாள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பையை அப்பாவே தூக்கிக்கொண்டு போனார். டோக்கன் எடுக்கும் இடத்தில் கீழே வைத்தார், நின்றது, சரியவில்லை. ஃபைலை உருவி நீட்டினார். பாட்டில் பையைத் தடவிப் பார்த்து, "இம்புட்டு இறுக்கமா வெச்சிருக்கறே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போகும்போது மூடியை இரண்டு தட்டுத் தட்டினார்.

ஆகஸ்ட் 7, புதன்

கை நன்றாக ஓடுகிறது, முன்னைவிடச் சத்தமாக. தோள் நாடா கழுத்தை அறுக்காமல் இருக்கக் காடாத் துணியில் உறை தைத்துக்கொண்டிருக்கிறேன், பாதியில் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது, இனி செவ்வாய்க்கிழமைதான் வாங்க வேண்டும்.