தோற்றவரின் கையெழுத்து

செப்டம்பர் 15, 2024, ஞாயிறு

இன்று காலை கோலாலம்பூர் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, இலங்கையில் வரும் சனிக்கிழமை நடக்கவிருக்கும் ஜனாதிபதித் தேர்தலைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தாத்தா ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றதும் எல்லாம் இந்த மலேசிய மண்ணில்தான். எனக்கு அங்கே வாக்கில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மச்சாள் இருக்கிறாள். அவள் வாக்களிக்கப் போகிறாள் என்றால் என் மனம் அங்கேதான் போய் நிற்கும்.

கோயிலில் எனக்கு நன்கு பழக்கமான ஓர் அண்ணர், "முடிவை ஏற்கெனவே எழுதி வைத்திருப்பாங்கள் பிள்ளை, இதுக்குப் போய் ஏன் இரவிரவா முழிச்சிருக்கப் போறாய்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் அறியாமையால் பேசுகிறவரல்லர். 2010 ஜனவரி 26ஆம் தேதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா முடிவை ஏற்க மறுத்ததும், பதின்மூன்றே நாளில் அவர் கைது செய்யப்பட்டதும் அண்ணருக்கு மனப்பாடம். முடிவைக் கேள்வி கேட்டவர் இரண்டு வாரத்துக்குள் சிறைக்குப் போவதைக் கண்ட மக்களிடம், வாக்குகளைச் சரியாகத்தான் எண்ணினோம் என்று எத்தனை முறை சொன்னாலும் அது காதில் ஏறாது.

வீட்டுக்கு வந்து மச்சாளை அழைத்தேன். அவள் 2005 ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிச் சொன்னாள். அந்த ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி அவளுடைய வாக்காளர் அட்டை சாமிப் படத்தின் பின்னால் செருகியபடியே இருந்தது. வடக்கில் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு நடந்த நாள் அது. அவள் தெருவில் ஒரு கேற்றும் திறக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறக்குறைய 7 லட்சம் வாக்காளர்கள் பதிவாகியிருந்தும் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதத்தினர் மட்டுமே. நாடு முழுவதிலும் மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 180,786 வாக்குகளில். வாக்களிக்காத வடக்கை இந்த இடைவெளியோடு வைத்துப் பார்க்கும்போது, ஒரு வாக்குக்கூடத் தவறாக எண்ணப்படவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அதைத் தங்கள் தீர்ப்பு என்று மச்சாள் எப்படி ஏற்பாள்? நம்பிக்கை எண்ணும் மேசையில்தான் பிறக்கிறது என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அதற்கு முன்பே, அட்டையை எடுத்துக்கொண்டு அச்சமின்றி வீட்டைவிட்டு இறங்க முடிகிறதா என்பதில் அது தொடங்கிவிடுகிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

அண்ணரின் கேள்வி இரண்டு நாளாக உள்ளே உறுத்துகிறது. அவருக்குச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் ஒன்று உண்டு. அது நான் கண்ணால் கண்டது.

2013 மே 5ஆம் தேதி நடந்த நம்முடைய 13ஆவது பொதுத் தேர்தலில், சிலாங்கூரில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எனக்குத் தேர்தல் பணி. வாக்களிப்பு முடிந்ததும் கதவைச் சாத்தி, அந்த அறையிலேயே எண்ணத் தொடங்கினோம். மலேசியாவின் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: பெட்டி எங்கேயும் பயணம் போவதில்லை, காலையில் யார் முன்னிலையில் அதைப் பூட்டினோமோ மாலையில் அவர்கள் முன்னிலையிலேயே திறக்கிறோம். ஒவ்வொரு வாக்குச் சீட்டையும் விரித்து, வேட்பாளர்களின் எண்ணும் முகவர்கள் பார்க்கும்படி உயர்த்திக் காட்டி, அதன் பிறகே உரிய அடுக்கில் வைக்க வேண்டும்.

நாடாளுமன்றத் தொகுதிக்கான சீட்டுகளை எண்ணி முடித்தபோது ஒன்று குறைந்தது. கொடுத்த சீட்டுகள் 512. அடுக்குகளில் இருந்தவை 511. வாக்காளர் ஒருவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் எடுத்துச் சென்றிருக்கலாம். அதைக் குறிப்பதற்கும் படிவத்தில் இடமுண்டு. களைத்துப்போயிருந்த நாங்கள் எல்லாரும் அப்படியே எழுதிவிட்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தோம். பின்தங்கியிருந்த வேட்பாளரின் முகவர் இளைஞர். அதுவரை வாய் திறக்காதவர். அவர் எழுந்து, "டீச்சர், மறுபடியும் எண்ணுங்க" என்றார். எனக்குச் சலிப்பாக இருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். மறுபடி எண்ணினோம். முன்னணியில் இருந்தவரின் அடுக்கில், வியர்வை ஈரத்தில் இரண்டு சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் மெல்லப் பிரித்தபோது 512 வந்தது.

கூடுதலாகக் கிடைத்த அந்த வாக்கு அவருடைய வேட்பாளருக்கு வரவில்லை, எதிராளிக்கே போயிற்று. ஆனாலும் அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. போராங் 14 என்கிற முடிவுப் படிவத்தில் நான் கையெழுத்திட்டேன். பிறகு முகவர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். அந்த இளைஞர் தமக்குரிய படியை வாங்கிய பிறகும், எண்களை ஒரு சிறு நோட்டில் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். பின்னர் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றிரவு நாட்டின் பல இடங்களைப் பற்றி எத்தனையோ வதந்திகள் கிளம்பின. எங்கள் அறையைப் பற்றி யாராவது பேசியிருந்தால், மறுத்துச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் தோற்ற தரப்பைச் சேர்ந்த அவர்தான்.

செப்டம்பர் 18, புதன்

இலங்கையில் முறை வேறு. பெட்டிகளை முத்திரையிட்டு, வாக்குச் சாவடியிலிருந்து எண்ணும் நிலையத்துக்கு வாகனத்தில் கொண்டுபோகிறார்கள். அந்தச் சில கிலோமீட்டர் பயணத்தை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பதற்றம்தான். முகவர்கள் எண்ணும் நிலையத்திலும் இருப்பார்கள் என்பது ஆறுதல்.

இம்முறை களத்தில் 38 வேட்பாளர்கள். வாக்காளர் அவர்களில் ஒருவருக்கு வாக்களிக்கலாம். விரும்பினால் இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் எண்ணால் குறிக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கும் உள்ள அடுத்த விருப்பங்களை எண்ணிச் சேர்ப்பார்கள். 1982இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலிலிருந்து சட்டத்தில் இருந்தாலும் இதுவரை இதற்குத் தேவை வந்ததில்லை. தேவை வந்தால், மக்கள் கண்டிராத ஒன்றை ஒரே இரவில் நம்பச் சொல்ல வேண்டியிருக்கும். மச்சாள் இரண்டாவது விருப்பம் குறிப்பாளா என்று கேட்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ஜனாதிபதித் தேர்தலெல்லாம் நமக்கு அயல்நாட்டு விவகாரம் என்று கோலாலம்பூரில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. இந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த இந்தோனேசியத் தேர்தலில், இந்த நகரத்தில் வாழும் இந்தோனேசியர்களின் வாக்காளர் பட்டியலில் கோளாறு கண்டறியப்பட்டு, மார்ச் 10ஆம் தேதி இங்கேயே மறு வாக்களிப்பு நடத்தினார்கள். எங்கள் அடுக்குமாடியில் துப்புரவு வேலை செய்யும் இந்தோனேசியப் பெண், அன்று விடுப்பெடுத்துக்கொண்டு இரண்டாம் முறையாக வாக்களித்துவிட்டு வந்தார். அதிபர் யார் என்பதை அந்த வாக்குகள் மாற்றப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் பட்டியல் பிழை என்றால் திருத்தி மறுபடி கேட்டார்கள் என்பதை அவர் பெருமையாகவே சொன்னார்.

செப்டம்பர் 21, சனி, இரவு

அங்கே மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்தபோது இங்கே ஆறரை. மச்சாள் தன் இடக்கைச் சின்னவிரலில் மை பூசிய படத்தை அனுப்பியிருக்கிறாள். வரிசை அமைதியாக இருந்ததாம். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாராம்.

இரவு பத்து மணியிலிருந்து ஊரடங்கு என்று செய்தி வந்ததும் எனக்குத் திடுக்கென்றது. அமைதியாக நடந்த நாளுக்கு ஊரடங்கு எதற்கு? முன்னெச்சரிக்கை என்கிறார்கள். எண்ணுகிற நேரத்தில் மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்வது, நல்ல நோக்கத்தோடு செய்தாலும், அண்ணரைப் போன்றவர்களின் ஐயத்துக்குத் தீனி போடும். நான் விழித்திருக்கப் போகிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

விடிய விடியத் தொகுதி தொகுதியாக முடிவுகள் வந்தன. முழுத் தொகையை மட்டும் அறிவிக்காமல் இப்படிச் சிறு சிறு பகுதியாக வெளியிடுவதை நான் மிகவும் மதிக்கிறேன். தன் ஊரின் எண்ணிக்கை தனக்குத் தெரிந்த நிலவரத்தோடு ஒத்துப்போகிறதா என்று யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா?

அனுர குமார திசாநாயக்க முன்னணியில் இருந்தார். முழு எண்ணிக்கை முடிவதற்கு முன்பே, பதவியில் இருந்த ஜனாதிபதி ரணிலுக்காகக் கடுமையாக உழைத்த வெளியுறவு அமைச்சர் அலி சப்ரியும், எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவை ஆதரித்த தமிழரசுக் கட்சியின் சுமந்திரனும் அவருக்கு வாழ்த்துத் தெரிவித்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது. அவர்கள் ஆதரித்தவர் வெல்லவில்லை என்பதனாலேயே அந்தச் சொற்களுக்கு அவ்வளவு எடை. 2020இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏறக்குறைய 50 லட்சம் சீட்டுகளையும் கையால் மறுபடி எண்ணியும் அதே முடிவுதான் வந்தது. ஏறத்தாழ 12,000 வாக்குகளில் பைடனே வென்றிருந்தார். தோற்றவர் ஏற்கவில்லை, அவர் ஆதரவாளர்களும் ஏற்கவில்லை, 2021 ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்தது. தாள்கள் அத்தனையும் சரியாக இருந்தும், தோற்றவரின் ஒரு சொல் மட்டும் அங்கே வரவில்லை.

இலங்கையில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. அனுரவுக்கு 42.31 சதவீதம், சஜித்துக்கு 32.76, ரணிலுக்கு 17.27. ஆகவே, வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை.

செப்டம்பர் 23, திங்கள்

நேற்று மாலை இறுதி முடிவு வந்தது. இன்று காலை பதவியேற்பும் நடந்துவிட்டது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அனுரவின் 5,634,915 வாக்குகள் 5,740,179 ஆயின. சஜித்தின் 4,363,035 வாக்குகள் 4,530,902 ஆயின. இருவருக்கும் சேர்த்துக் கூடியது ஏறக்குறைய 273,000. ஆனால் நீக்கப்பட்ட 36 வேட்பாளர்களுக்கு விழுந்தவை 33 லட்சத்துக்கும் மேல்! அவற்றில் பன்னிரண்டில் ஒன்றுக்கும் குறைவான சீட்டுகளே இரண்டாம் சுற்றில் பேசியிருக்கின்றன. மற்றவர்கள் அடுத்த விருப்பத்தைக் குறிக்கவில்லை, அல்லது அந்த இருவருக்கும் குறிக்கவில்லை.

மச்சாளை அழைத்தேன். அவள் தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு வாக்களித்ததாகச் சொன்னாள். இரண்டாவதாக யாருக்குக் குறித்தாய் என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் போடேல்லை. ரெண்டு போட்டா முதல் வாக்குச் செல்லாமப் போயிடும் எண்டு சனம் சொல்லிச்சுது."

அது பிழையென்று விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, முடிவு சரியானதுதான், தனக்கு அதில் சந்தேகமில்லை, தன் சீட்டைத்தான் பாதியில் விட்டுவிட்டதுபோல இருக்கிறது என்றாள். முறையைத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்காததும் மக்களை வாக்கிலிருந்து விலக்குவதுதான். 2005இல் அட்டையோடு வீட்டுக்குள் இருந்தவள், இப்போது சாவடி வரை போய்ப் பாதி வாக்கோடு திரும்பியிருக்கிறாள். அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

செப்டம்பர் 25, புதன்

நேற்றிரவு அங்கே நாடாளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது. நவம்பர் 14ஆம் தேதி பொதுத் தேர்தல். மாலையில் கோயிலில் அண்ணரைப் பார்த்தேன். முடிவை நம்புவதாக அவர் சொல்லவில்லை. "இந்தமுறை தோத்தவங்கள் சத்தம் போடேல்லை, அதை நானும் கவனிச்சனான்" என்று மட்டும் சொன்னார். அவரிடம் அந்த 512ஆவது சீட்டின் கதையைச் சொன்னேன். பிரசாதத்தைக் கையில் வைத்தபடியே முழுவதும் கேட்டார்.

இரவு மச்சாளின் மகள் அழைத்தாள். அவளும் ஆசிரியை; எண்ணும் பணிக்கு இம்முறை தன்னையும் எடுப்பார்களாம். "மாமி, நீங்கள் செய்த வேலைதானே, எனக்கு என்ன சொல்லித் தருவீங்கள்?" என்று கேட்டாள். மேசையில் ஓர் உலர்ந்த துணி வைத்துக்கொள், அடிக்கடி விரலைத் துடைத்துக்கொள், சீட்டை உயர்த்திக் காட்டும்போது எதிரில் இருப்பவர் தலையசைக்கும் வரை கையை இறக்காதே என்றேன். அவள் எழுதிக்கொள்வது பேனாச் சத்தத்தில் கேட்டது.