ஒத்துக்கொள்வதற்கு முன்னால்

போன மாதம் தம்பியோடு கோர்ட்டுக்குப் போனேன். போதையில் பைக் ஓட்டிப் பிடிபட்டிருந்தான். வாசலில் நின்ற எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "ஒத்துக்கிட்டு பைனைக் கட்டிட்டு வந்துரு, பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிஷ வேலைதான். ஆனால் அவன் கால் டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவன். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒத்துக்கொண்டால் அது தண்டனையாகவே பதிவாகும். மறுபடி மாட்டினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் கையை விட்டுப் போகலாம். பைனைப் பற்றிப் பேசிய யாரும் லைசென்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதனால் முதலில் வக்கீலிடம் போனோம். தம்பி வாயால் ஊதிய மிஷினில் வந்த சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால்தான் குற்றம். பெயர், தேதி, நேரம், அளவு எல்லாவற்றையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். தம்பியின் சீட்டில் 84. எந்தத் தப்பும் இல்லை.

"உண்மையிலேயே குடிச்சியாப்பா?" என்றார். தலையை ஆட்டினான். அதன் பிறகுதான் ஒத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். தொழில், வீட்டில் இரண்டு குழந்தைகள், இதுவே முதல் முறை என்பதை நீதிபதியிடம் எப்படிச் சொல்வது என்று வக்கீல் சொல்லிக் கொடுத்தார்.

கூண்டில் நின்றபோது அவன் கை நடுங்கியது. அன்றிலிருந்து பைக் சாவி அம்மாவிடம்தான் இருக்கிறது.