'பார்த்தேன்' என்ற ஒரே சொல்லிலிருந்து வெளியே வந்த நான்கு மாதங்கள்

ஒரு சரக்குக் கிடங்கில் 11 வருஷம் வேலை பார்த்தேன். 2024-இல் நிறுவனம் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. அங்கே இருந்த எல்லோரும் ஒரே நாளில் வெளியே வந்தோம்.

அடுத்த வேலைக்கான முதல் நேர்காணல் போனில், முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், மின்னஞ்சல் எழுதவும் வரும். பேச்சுதான் வராது. பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்பது அவர்கள் கேட்ட இரண்டாவது கேள்வி. "தே டெர்மினேட்டட் மீ" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "வாட் ஹேப்பண்ட்?" என்று கேட்டார்கள். "நத்திங் ஹேப்பண்ட்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் ஐந்து நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிட்டது, திரும்ப அழைப்பும் வரவில்லை.

என் அக்கா மகள் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"மாமா, நீங்க ஏதோ தப்பு பண்ணி, அதனால உங்களை வெளியே அனுப்பினாங்கன்னு அவங்க எடுத்துக்கிட்டிருப்பாங்க. நீங்க 'ஐ வாஸ் லெய்ட் ஆஃப்'னு சொல்லியிருக்கணும்."

தமிழில் 'வேலை போயிடுச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். யார் தவறு என்பதைக் கேட்கிறவர் அடுத்த வாக்கியத்தில் தெரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் வினைச்சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. 'ஃபயர்ட்' என்றால் அந்த ஆள்மீது ஏதோ குறை என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். 'லெய்ட் ஆஃப்' என்றால் நிறுவனத்துக்கு அந்த வேலையே தேவைப்படவில்லை. இதையே பிரிட்டனில் 'மேட் ரிடண்டண்ட்' என்பார்கள். 'ரிசைன்ட்' என்றால் நாமாக விலகினோம். நான் சொன்ன 'டெர்மினேட்டட்' இரண்டு பக்கமும் சாயக்கூடிய சொல்தான். ஆனால் விளக்கம் எதுவும் சேர்க்காமல் விட்டால் கேட்கிறவர் மனம் கெட்ட பக்கமே போகும். 11 வருஷம் ஒரு நாள் கூடப் பெயர் கெடாமல் இருந்துவிட்டு, ஒரு சொல்லால் அதைக் கெடுத்துக்கொண்டோமே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு நோட்டு எடுத்தேன். வேலை பற்றிய ஆங்கிலச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்யலாம் என்பதுதான் முதல் எண்ணம். இரண்டு வாரம் அப்படியே போனது. 'அக்யூபேஷன்', 'ப்ரொஃபெஷன்', 'வொகேஷன்', 'எம்ப்ளாய்மெண்ட்' என்று நூறு சொற்களுக்கு மேல் எழுதியிருப்பேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஏனென்றால் அவற்றுக்கும் நான் செய்த வேலைக்கும் தொடர்பே இல்லை.

அக்கா மகள்தான் வேறு வழி சொன்னாள். "கிடங்குல நீங்க என்ன செஞ்சீங்கன்னு முதல்ல தமிழ்லயே எழுதுங்க மாமா." எழுதினேன். ஸ்டாக் பார்த்தேன். லோடு ஏத்துறதைப் பார்த்தேன். ஆட்களைப் பார்த்துக்கிட்டேன். பில் பார்த்தேன். லாரி வராவிட்டால் அதையும் நான்தான் பார்த்தேன். அவள் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு எல்லா 'பார்த்தேன்'களின் கீழும் கோடு போட்டாள். "இதுல ஒவ்வொண்ணும் வேற வேற வேலை. ஆங்கிலத்துல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வினைச்சொல் வேணும்" என்றாள்.

அந்த ஒரு பக்கத்தை நிரப்ப மூன்று நாள் ஆனது. ஸ்டாக் பார்த்தேன் என்றால் உண்மையில் என்ன செய்தேன்? வாரத்துக்கு ஒரு முறை பெட்டிகளை எண்ணினேன், அது 'கவுண்டட்'. கணினியில் இருக்கும் கணக்கோடு ஒப்பிட்டேன், அது 'செக்ட் அகெய்ன்ஸ்ட்'. பதிவேட்டைச் சரியாக வைத்திருந்தேன், அது 'மெய்ன்டெய்ன்ட்'. ஆட்களைப் பார்த்துக்கொண்டேன் என்பதற்குள் 'சூப்பர்வைஸ்ட்' இருந்தது. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த 'ட்ரெய்ன்ட்' இருந்தது. ஷிஃப்ட் பிரித்துக் கொடுத்ததற்கு 'அசைன்ட்' இருந்தது. லாரி வராத அன்று போன் மேல் போன் போட்டு மாற்று ஏற்பாடு செய்தேனே, அது 'அரேஞ்ச்ட்'. எழுத எழுத, இவ்வளவும் நான் செய்திருக்கிறேனா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

நடுவில் ஒரு தப்பு செய்தேன். 'ஹேண்டில்ட்' என்ற சொல் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி தெரிந்ததால், ஸ்டாக், ஆட்கள், பில், கஸ்டமர் என்று எல்லா இடத்திலும் அதையே போட்டுவிட்டேன். அக்கா மகள் நிறுத்தச் சொன்னாள். "ஹேண்டில்டும் இன்னொரு 'பார்த்தேன்'தான் மாமா." அதன்பிறகு ஒரு சொல்லைப் பக்கத்துக்கு ஒரு முறைக்கு மேல் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இலக்கணத்தில் என்னை ரொம்ப நாள் படுத்தியது காலம். 'மூணு வருஷமா வேலை பார்க்கிறேன்' என்கிறோம். தமிழில் அது நிகழ்காலம். அதை அப்படியே மாற்றி 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். சரியானது 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்'. எவ்வளவு காலம் என்றால் 'ஃபார்'. எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்', அதாவது 'சின்ஸ் 2013'. ஆனால் நான் அந்த வேலையிலிருந்து வந்துவிட்டேன் இல்லையா, அதனால் எனக்கு வேண்டியது அதுவும் இல்லை. 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் லெவன் இயர்ஸ்' என்று எளிய இறந்தகாலம் போதும். வேலை தேடுவது மட்டும் இன்னும் நடக்கிறது, அதற்கு 'ஐ ஹேவ் பீன் லுக்கிங்'. இந்த இரண்டு வாக்கியங்களையும் கைபேசியில் பதிவு செய்து, காலையும் மாலையும் கேட்டுக் கேட்டுத்தான் நாக்கு பழகியது.

நம்முடைய 'ல' இன்னொரு சிக்கல். கம்பெனில, டிபார்ட்மெண்ட்ல, ப்ராஜெக்ட்ல, எல்லாவற்றுக்கும் ஒரே 'ல' போதும். ஆங்கிலத்தில் நிறுவனத்துக்கு 'வொர்க் ஃபார்' அல்லது 'அட்', துறைக்கு 'இன்', கையில் இருக்கும் காரியத்துக்கு 'ஆன்', பதவிக்கு 'அஸ்'. விதியாகப் படித்தபோது எனக்கு நிற்கவில்லை. என் பழைய வேலையை வைத்தே நான்கு வாக்கியம் எழுதிக்கொண்டபோது நின்றது.

'வொர்க்', 'ஜாப்' இரண்டும் வேறு என்பதும் அப்போதுதான் உறைத்தது. 'எ ஜாப்' உண்டு, வேலை என்ற பொருளில் 'எ வொர்க்' கிடையாது. கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி, யு என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். சி என்றால் எண்ணக்கூடியது, யு என்றால் எண்ண முடியாதது. வேலையில் கிடைத்த அனுபவத்தைச் சொல்லும்போது 'எக்ஸ்பீரியன்ஸ்' யு. பன்மையில் 'எக்ஸ்பீரியன்சஸ்' என்றால் வாழ்க்கையில் நமக்கு நேர்ந்தவை என்று பொருள் மாறிவிடும். ஸ்டாஃப் என்பதும் ஆட்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்வது. 'ஐ ஆம் எ ஸ்டாஃப்' என்று சொல்லக் கூடாது, 'எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்' என்று சொல்ல வேண்டும்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்றைத்தான் விடாமல் திருத்தினேன். வாழ்க்கைத் தொழிலை நான் 'கேரியர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சைக்கிளின் பின்னால் இருக்கும் கேரியர். தொழிலுக்கானது 'கரியர்', அழுத்தம் 'ரி' மேல் விழ வேண்டும். வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து, பிரெஞ்சில் பந்தயப் பாதை என்ற பொருளில் வழங்கி, ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. இந்தக் கதை தெரிந்த பிறகு அதைத் தப்பாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களோடு பேச வேண்டியிருந்தால் சில சொற்களைத் தள்ளி வைக்கச் சொன்னாள் அக்கா மகள். 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்ததாகத்தான் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள், அதனால் 'கிராஜுவேட்டட்'. 'ஃப்ரெஷர்' என்றால் பிரிட்டனில் கல்லூரி முதலாண்டு மாணவர். சம்பள உயர்வுக்கு நாம் 'ஹைக்' என்போம், அமெரிக்காவில் 'ரெய்ஸ்', பிரிட்டனில் 'ரைஸ்'. நம்மிடையே பேசும்போது இவற்றில் எந்தத் தவறும் இல்லை. எதிரே இருப்பவர் யார் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது நேர்காணலும் கை நழுவியது. ஆனால் இந்த முறை கடைசிவரை பேசினேன். 'வீ டிட்' என்றே சொல்லிக்கொண்டிருந்ததால், "யூ, பெர்சனலி?" என்று இரண்டு தடவை குறுக்கே கேட்டார்கள். நாலு பேரோடு சேர்ந்து செய்த வேலையில் 'நான்' என்று சொல்ல எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அதனால் 'வீ' சொல்லிவிட்டு, 'மை பார்ட் வாஸ்' என்று தொடங்கி என் பங்கைப் பிரித்துச் சொல்லப் பழகினேன்.

நான்காவது மாதம் மூன்றாவது நேர்காணல். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி வந்தது. "தி வேர்ஹவுஸ் குளோஸ்ட், அண்ட் வீ வேர் ஆல் லெய்ட் ஆஃப்." உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நீங்கள் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள் என்றார்கள். ஒரு முறை எண்ணிக்கையில் 40 பெட்டி குறைந்தது. இரண்டு அடுக்குகளின் லேபிள் இடம் மாறியிருந்ததுதான் காரணம். தமிழில் 'பார்த்துச் சரி பண்ணினேன்' என்று முடித்திருப்பேன். அன்று, "ஐ ஸ்பாட்டட் தி டிஃபரன்ஸ், ட்ரேஸ்ட் இட் டு டூ ராங் லேபிள்ஸ், அண்ட் கரெக்டட் தி ரெக்கார்ட்" என்றேன். அவர்கள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. ப்ரொபேஷன் 6 மாதம், நோட்டீஸ் பீரியட் 30 நாள். அதற்குக் கீழே 'டைரக்ட் ரிப்போர்ட்ஸ்: 4' என்று ஒரு வரி. இரண்டாவது மாதத்திலேயே நோட்டில் எழுதி வைத்திருந்த சொல் அது, அறிக்கை அல்ல, ஆட்கள். எனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்யப்போகிறார்கள். அந்த வரியை இன்னொரு முறை வாசித்துவிட்டு, அக்கா மகளுக்குப் போன் போட்டேன்.